கஸ்தூரி என்னும் இணைப்பு

செய்யாற்றுக்கூடை என்ற இணையக் கடையைத் தணிக்கை செய்ய சென்னையிலிருந்து அதிகாரி வரப்போகிறார் என்ற கடிதம் உத்திரமேரூர் அலுவலகத்துக்கு வந்த அதே காலையில்தான் கஸ்தூரி தன் ராஜினாமாவையும் கொண்டுவந்திருந்தாள். மேலாளர் முத்துகிருஷ்ணன் இரண்டையும் வாங்கி, தணிக்கைக் கடிதத்தை மேலேயும் ராஜினாமாவைக் கீழேயும் அடுக்கி, காற்றில் பறக்காமல் இருக்கத் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி மேலே வைத்தார்.

“இன்னாம்மா, இப்பப் போய் இதக் குடுக்கறியே. ஆடிட்டு முடியட்டும்.”

“பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள சேரணும் சார். இங்கேருந்து ரிலீவிங் லெட்டர் வாங்கிக்கினு வந்தாத்தான் சேத்துக்குவோம்னு சொல்லிட்டாங்கோ.”

மாகறலில் அவள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு தனியார் பள்ளி இருந்தது. அதன் விடுதிச் சமையலறைக்கு அரிசி பருப்பு அளந்து கொடுக்கிற வேலை. சம்பளம் இங்கே வாங்குவதுதான். ஆனால் அங்கே அரிசி கண்ணெதிரே இருக்கும். படியில் அளந்தால் வேலை முடிந்துவிடும். ஆறு வருடமாகத் திரையில் மட்டுமே அரிசியைப் பார்த்துக்கொண்டிருந்த கஸ்தூரிக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது.

செய்யாற்றுக்கூடை, அந்த வட்டாரத்து விளைபொருள் விற்பனைக் கூட்டமைப்பு நடத்தும் கடை. தூயமல்லி அரிசி, செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய், வரகு, வெங்காய வடகம். எங்கேயோ ஓர் ஊரில் யாரோ ஒருவர் போனில் ஒரு பட்டனை அழுத்தினால், அந்தச் செய்தி ஐந்து இடங்களுக்குப் போக வேண்டும். கிடங்கின் சரக்குக் கணக்குக்கு, கூரியர் நிறுவனத்துக்கு, வங்கிக்கு, வரிக் கணக்குக்கு, தலைமையகப் பேரேட்டுக்கு. கடையின் திறப்பு விழாவில் திரையில் ஒரு படம் காட்டினார்கள். நடுவில் ஒரு கூடை, சுற்றிலும் ஐந்து வட்டங்கள், கூடையிலிருந்து ஒவ்வொரு வட்டத்துக்கும் ஓர் அம்புக்குறி. கூட்டமைப்பின் தலைவர் அம்புக்குறிகளைப் பார்த்துக் கைதட்டினார். படம் காட்டிய நிறுவனம் படத்துக்கான கட்டணத்தை வாங்கிக்கொண்டு போனது. அம்புக்குறிகள் பின்னால் வரும் என்றது. அவை வந்து சேரும்வரை, இரண்டே இரண்டு வாரத்துக்கு, கஸ்தூரியை உட்காரவைத்தார்கள்.

ஆறு வருடமாக அம்புக்குறிகள் வரவில்லை. கஸ்தூரி ஒரு திரையில் பார்த்து மற்ற ஐந்திலும் தட்டிக்கொண்டிருந்தாள். கம்பம், குளித்தலை, பெங்களூர் என்று ஊர்ப்பெயர்கள் கண்ணில் எரிச்சலாக ஊறின. தம்பி கல்யாணத்தன்று தாலி கட்டும் நேரத்தில் மண்டபத்து மாடிப்படியில் உட்கார்ந்து யாருக்கோ இரண்டு லிட்டர் எண்ணெய் அனுப்பிக்கொண்டிருந்தாள். கெட்டிமேளம் மட்டும் கேட்டது. அதைச் சொல்லி அவள் அழவில்லை. அழுவதற்கும் ஒரு தெம்பு வேண்டியிருக்கிறது.

தணிக்கை அதிகாரி ஸ்ரீராம்குமார் கத்திரி வெயிலில் வெள்ளைக் காரில் வந்து இறங்கினார். இணையக்கடை வெளியிணைப்புத் தணிக்கை இயக்ககம் என்று அவர் கழுத்து அட்டையில் போட்டிருந்தது. நல்ல மனிதர். மோர் கொடுத்தபோது எழுந்து நின்று வாங்கினார். அலுவலகத்தில் இருந்த மூன்று பேரையும், அதாவது முத்துகிருஷ்ணன், கஸ்தூரி, கிடங்கில் பெட்டி கட்டும் செங்கேணி ஆகியோரை, வரிசையாக நாற்காலியில் உட்காரவைத்து உரையாற்றினார்.

“நாங்க தப்பு கண்டுபிடிக்க வரல. அந்தப் பயமே வேணாம். என்னென்ன தப்பு இருக்கலாம்னு ஒரு பட்டியல் எங்ககிட்ட ஏற்கெனவே இருக்கு. அதுல டிக் போடத்தான் வந்திருக்கேன். பட்டியல்ல இல்லாத தப்பு உங்ககிட்ட இருந்தா நான் அதைப் பார்க்க மாட்டேன். பார்த்தாலும் எழுத முடியாது, அதுக்குக் கட்டம் இல்ல. இந்த நேர்மைதான் எங்க இயக்ககத்தோட அடித்தளம்.”

உரை முடிந்துவிட்டது என்று நினைத்து செங்கேணி கைதட்டினாள். அதற்குப் பிறகும் உரை முக்கால் மணி நேரம் நடந்தது.

பிறகு அவர் மடிக்கணினியைத் திறந்து, “இப்ப கனெக்‌ஷனைக் காட்டுங்க” என்றார்.

முத்துகிருஷ்ணன் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த கூடைப் படத்தைக் காட்டினார்.

“படம் சரி சார். கனெக்‌ஷன் எங்க ஓடிட்டிருக்கு? எந்த மெஷின்ல?”

முத்துகிருஷ்ணன் கூரையைப் பார்த்தார். செங்கேணி கஸ்தூரியைப் பார்த்தாள். கஸ்தூரி, பள்ளிக்கூடப் பிள்ளை போலக் கையைத் தூக்கினாள்.

“நாந்தான் சார்.”

ஸ்ரீராம்குமார் சற்று நேரம் அவளைப் பார்த்தார். பிறகு பட்டியலைப் பார்த்தார். பட்டியலில் இணைப்பு ஓர் ஆளாக இருக்கக்கூடும் என்பதற்குக் கட்டம் இல்லை. ஆகவே அவர் அதைப் பார்க்கவில்லை. முதல் கேள்விக்குப் போனார்.

“தகவல் போற வழியில வேற யாராவது படிக்க முடியுமா?”

“மொதல்ல நோட்டுல எழுதிக்குவேன் சார். அதப் பாத்து அடிப்பேன்.”

நோட்டை வாங்கிப் புரட்டினார். முத்துகிருஷ்ணனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அவரால் முடியவில்லை. செங்கேணி, “அக்கா எழுத்து அக்காவுக்கே மத்தியானத்துக்கு மேல புரியாது சார்” என்றாள். ஸ்ரீராம்குமார் முகம் மலர்ந்து எழுதிக்கொண்டார்: ‘தகவல்கள் மறையாக்கம் செய்யப்பட்டே அனுப்பப்படுகின்றன. திறவுகோல் இணைப்பிடம் மட்டுமே உள்ளது.’

அடுத்து பளுச் சோதனை. சென்னையில் இருந்த அவருடைய உதவியாளர்கள் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கில் பொய் ஆர்டர்களைப் போட்டார்கள். கஸ்தூரி கொஞ்ச நேரம் தட்டினாள். பிறகு கைவிரல்கள் இழுத்துக்கொண்டன. கண்ணை மூடி நாற்காலியில் சாய்ந்தாள். செங்கேணி பதறி ஓடிவந்து முகத்தில் தண்ணீர் தெளித்தாள்.

“யக்கா! இன்னாக்கா ஆச்சு? சார், நிறுத்தச் சொல்லுங்க சார், அவுங்கள!”

கஸ்தூரி கண் திறந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தட்ட ஆரம்பித்தாள். வேறென்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஸ்ரீராம்குமார் கடிகாரத்தைப் பார்த்து எழுதினார்: ‘அதிகப் பளுவில் தானாக அணைந்து, குறைந்த அளவு நீருடன் தானாகவே மீண்டும் இயங்குகிறது. தகவல் இழப்பு இல்லை. மிக நன்று.’

சாயங்காலம் சிக்கல் வந்தது. பட்டியலின் கடைசிப் பக்கத்தில் இணைப்பின் சொத்து எண் கேட்டிருந்தது. முத்துகிருஷ்ணன் பழைய கோப்புகளையெல்லாம் இறக்கினார். கூட்டமைப்பின் ஊழியர் பட்டியலில் கஸ்தூரி என்ற பெயரே இல்லை. இரண்டு வாரத்துக்கு வந்தவளை யார் சேர்ப்பார்கள்? அவள் சம்பளம் ஆறு வருடமாக ‘வெளியிணைப்புப் பராமரிப்புச் செலவு’ என்ற தலைப்பில் போய்க்கொண்டிருந்தது. அம்புக்குறிகள் ஓடுகின்றன, பராமரிக்கப்படுகின்றன என்று முத்துகிருஷ்ணன் மாதம் தவறாமல் மேலே எழுதி அனுப்பியிருந்தார்.

ஸ்ரீராம்குமார் கழிவறைக்குப் போன நேரத்தில் முத்துகிருஷ்ணன் கஸ்தூரியின் மேஜைக்கு வந்து குரலைத் தாழ்த்தினார்.

“நீ ஆளுன்னு எழுதினா, ஆறு வருஷமா கனெக்‌ஷன் இல்லாமலே, இருக்குதுன்னு நான் பொய் சொன்னதா ஆயிடும். நீ கனெக்‌ஷன்னு எழுதினா யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்ல. நான் உன்னப் பொய் சொல்லச் சொல்லலம்மா. பொய் சொல்லி முடிஞ்சிடுச்சி. அதுக்கு நீ ஒத்துழைக்கணும், அவ்ளோதான்.”

“எனக்கு ரிலீவிங் லெட்டர் வந்துருமா சார்?”

“ஆடிட்டு முடிஞ்ச மறுநாளே. எம் புள்ளைங்க மேல சத்தியம்.”

அவள் சரி என்றாள். அந்த நேரத்தில் அது ஒரு கையெழுத்து மாதிரிதான் தோன்றியது. பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டிருந்தது.

மறுநாள் அவளுக்கு ஒரு சொத்து எண் கொடுக்கப்பட்டது. வெ.இ./உ.மே./17. வெள்ளி நிறத்தில் ஒட்டும் தாளில் அடித்து வந்தது. எளிதில் கழற்ற முடியாத, கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் ஒட்ட வேண்டும் என்பது விதி. நெற்றியில் ஒட்டலாமா என்று ஒரு கணம் எல்லோருக்கும் தோன்றியது. யாரும் சொல்லவில்லை. கடைசியில் அவள் மூக்குக்கண்ணாடிக் காம்பில் ஒட்டினார்கள். பிறகு புகைப்படம். செங்கேணி பக்கத்தில் வந்து நின்று முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

“நீங்க கொஞ்சம் தள்ளிக்கோங்கம்மா” என்றார் ஸ்ரீராம்குமார். “சொத்துப் படத்துல மனுஷங்க யாரும் வரக் கூடாது.”

செங்கேணி தள்ளிக்கொண்டாள். கஸ்தூரி தனியாக நின்றாள். சிரிக்க வேண்டுமா என்று கேட்க நினைத்தாள், கேட்கவில்லை.

தணிக்கை முடிந்தது. செய்யாற்றுக்கூடைக்கு முதல் தரச் சான்று கிடைத்தது. மாநிலத்திலேயே ஒரு முறைகூட மென்பொருள் புதுப்பிப்பு தேவைப்படாத ஒரே இணைப்பு என்று அறிக்கை தனியாகப் பாராட்டியது. முத்துகிருஷ்ணன் சான்றைச் சட்டம் போட்டுக் கூடைப் படத்தின் பக்கத்தில் மாட்டினார். அலுவலகத்தில் ஆளுக்கொரு மைசூர்பாகு கொடுத்தார்.

கஸ்தூரியின் ராஜினாமாவைத் தண்ணீர் பாட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து, மேலே சொத்து எண்ணைக் குறித்துத் தலைமையகத்துக்கு அனுப்பினார். அந்த வகையில் அவர் வாக்குத் தவறாதவர். ஒரு வாரத்தில் பதில் வந்தது. கஸ்தூரி அதை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கணவன் சுகுமாரிடம் கொடுத்தாள். அவன் நெல் அறுவடை இயந்திரம் ஓட்டுகிறவன். கைகால் கழுவிக்கொண்டு வந்து விளக்கடியில் வைத்து உரக்கப் படித்தான்.

“‘மேற்படி எண்ணுள்ள சாதனத்திடமிருந்து பெறப்பட்ட ராஜினாமா திருப்பி அனுப்பப்படுகிறது. சாதனங்கள் ராஜினாமா செய்ய விதிகளில் இடமில்லை. மேலும், சாதனம் தன்னிச்சையாகக் கடிதம் தயாரித்தது எங்ஙனம் என்பதற்கு மேலாளர் விளக்கமளிக்க வேண்டும்.’ இன்னாடி இது? பிரிண்டர் சமாச்சாரம் எதுனா உன் கைக்கு மாறி வந்துகீதா?”

“இல்லய்யா. எனக்குத்தான்.”

அவன் இன்னொரு முறை படித்தான். பிறகு மடித்து டிவி மேல் வைத்தான். “எம் மிசினுக்குக்கூட மழைக் காலத்துல லீவு கீது” என்றான். இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். சாப்பாட்டுக்கு நடுவில் அவள் போனில் ஆர்டர் மணி அடித்தது. இடது கையால் தட்டினாள்.

மறுநாள் ஸ்ரீராம்குமாருக்கு போன் செய்தாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“மேடம், உங்க கஷ்டம் எனக்கு நல்லாப் புரியுது. பர்சனலா நீங்க ஒரு மனுஷின்னு நான் முழுசா நம்பறேன். ஆனா என் நம்பிக்கையை நான் ரிப்போர்ட்ல கொண்டுவர்றதில்ல. அதனாலதான் எனக்கு ரெண்டு முறை பதவி உயர்வு வந்துச்சு.”

“நான் எப்பிடி சார் வெளில போறது?”

“சாதனம் வெளியே போக மூணு வழி. இடமாற்றம் பண்ணலாம், பழுதுபார்க்க அனுப்பலாம். இல்லன்னா கழிச்சுக் கட்டலாம். உங்க விஷயத்துல மூணாவதுதான் சீக்கிரம். பழுதுன்னு ஒரு டெக்னீஷியன் சர்டிஃபிகேட் மட்டும் வாங்கிடுங்க. அப்புறம் குழு. அப்புறம் ஏலம்.”

“ஏலமா?”

“வெளிப்படைத்தன்மை மேடம்” என்றார் அவர், சிறு பிள்ளைக்குச் சொல்வதுபோல.

உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இம்ரான் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். பக்கத்திலேயே அவன் அப்பா அஹமது பாட்சாவின் பழைய சாமான் கடை. மகனால் சரிசெய்ய முடியாதது அப்பாவிடம் போகும். கூட்டமைப்பின் கணினிகளை இம்ரான்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கஸ்தூரி முன்னால் உட்கார்ந்ததும் அவன் அவள் கண்ணாடிக் காம்பில் இருந்த எண்ணை உதடு அசையப் படித்தான்.

“இன்னாக்கா பிராப்ளம்?”

“வேலய வுட்டுப் போவணும்டா.”

அவன் யோசித்து, ‘இயங்குகிறது. ஆனால் இயங்க விருப்பமில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். அது மூன்றாம் நாள் தலைமையகத்திலிருந்து திரும்பி வந்தது. விருப்பம் என்பது பழுதின் வகைகளில் இல்லை, எந்தப் பாகம் என்று குறிப்பிடவும். இம்ரான் தலையைச் சொறிந்தான்.

“உண்மையிலே எதுனா நோவு கீதாக்கா? எதுனா ஒண்ணு சொல்லு, எழுதிடலாம்.”

அப்படி யாரும் அவளைக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. கஸ்தூரி சொல்லத் தொடங்கினாள். கண் எரிகிறது. மணிக்கட்டில் இரவெல்லாம் குத்துகிறது. கழுத்தைத் திருப்பினால் நறநறவென்று சத்தம். படுத்தால் தூக்கம் வருவதில்லை. வந்தால் கனவில் குளித்தலை வருகிறது. அவள் குளித்தலையைப் பார்த்ததே இல்லை. சொல்லச் சொல்ல அது முடியாமல் நீண்டுகொண்டே போனது. இம்ரான் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். டீ சொன்னான். அவள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, அவள் கண்ணைப் பார்க்காமல், ‘மதர்போர்டு எரிந்துவிட்டது. உதிரி பாகம் கிடைக்காது’ என்று எழுதிக் கொடுத்தான்.

கழிவுக் குழு கூடியது. முத்துகிருஷ்ணன் இருந்தார், ஸ்ரீராம்குமார் வந்தார், தலைமையகத்திலிருந்து ஓர் அம்மையார் வீடியோவில் சேர்ந்தார். அவருடைய படம் கடைசிவரை வரவில்லை. குரலும் வரவில்லை. ஒப்புதல் மட்டும் சரியான நேரத்தில் வந்தது. கஸ்தூரியை அறைக்கு நடுவில் நிற்கவைத்திருந்தார்கள். நேரில் சரிபார்க்க வேண்டுமாம்.

“ஆறு வருடம் உழைத்த சாதனம் இது” என்று ஸ்ரீராம்குமார் எழுந்து பேசினார். “இப்படிப்பட்ட சாதனங்களை நாம் உரிய மரியாதையோடு வழியனுப்ப வேண்டும். அதற்கான நிதி ஒதுக்கீடு இல்லாததால், இந்த இரண்டு வாக்கியங்களையே அந்த மரியாதையாகக் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

கஸ்தூரி கும்பிட்டாள். பழக்கதோஷம்.

பள்ளி திறப்பதற்கு முந்தைய சனிக்கிழமை கிடங்கு முற்றத்தில் ஏலம் வைத்தார்கள். தனியாக ஒரு பொருளை ஏலம் விட முடியாது என்பதால் கஸ்தூரியை ஒரு தொகுதியில் சேர்த்திருந்தார்கள். தொகுதியில் ஓடாத பிரிண்டர் ஒன்று, இறக்கை வளைந்த மின்விசிறி இரண்டு, யுபிஎஸ் பேட்டரிகள், இணைப்பு ஒன்று. மற்றவை தரையில் கிடந்தன. அவளுக்கு மட்டும் செங்கேணி ஒரு ஸ்டூல் கொண்டுவந்து நிழலில் போட்டாள்.

ஏலத்துக்கு அஹமது பாட்சா ஒருவர்தான் வந்திருந்தார். அவருக்கு வேண்டியது பேட்டரிகள். ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

“சார், பேட்டரிய மட்டும் தனியாக் குடுங்க சார். அந்தம்மா எதுக்கு?”

“தொகுதியைப் பிரிக்கக் கூடாது பாய்” என்றார் முத்துகிருஷ்ணன். “அப்புறம் குறைஞ்சது ரெண்டு பேராவது கேக்கணும், இல்லாங்காட்டி ஏலம் செல்லாது. செங்கேணி, இப்பிடி வா. நீயும் ஒரு தொகை கேளு. கம்மியாக் கேட்டாப் போதும்.”

பாட்சா ஆயிரம் என்றார். பேட்டரியின் ஈயத்துக்கு அது நியாயமான விலை. முத்துகிருஷ்ணன் செங்கேணியைப் பார்த்து, ஐந்நூறு என்று சொல்லும்படி விரலைக் காட்டினார். செங்கேணி கஸ்தூரியைப் பார்த்தாள். பிறகு பிரிண்டரைப் பார்த்தாள்.

“இன்னா சார் அநியாயம் இது? அக்காவுக்கும் சேத்து ஆயிரமா? அஞ்சாயிரம்!”

“ஏய்!” என்றார் முத்துகிருஷ்ணன்.

“அஞ்சாயிரம்னா அஞ்சாயிரம். எங்க அக்கா எனக்குக் காய்ச்சல் வந்தப்ப மாத்திர வாங்கியாந்து குடுத்துச்சி. இந்த விசிறி குடுத்துச்சா?”

கேட்ட தொகையைத் திரும்பப் பெற விதி கிடையாது. ஏலம் செங்கேணி பெயரில் முடிந்தால் அவள் பணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் எல்லாம் ரத்தாகி அடுத்த காலாண்டுக்குப் போகும். கஸ்தூரி ஸ்டூலில் இருந்து எழுந்தாள். அன்றைக்குத்தான், அத்தனை நாளும் வராத அழுகை அவளுக்கு வந்தது. பள்ளி வேலை போய்விடுமே என்ற பயம்தான் அது என்று நினைத்தாள். ஆனால் அது மட்டும் இல்லை. ஆறு வருடத்தில் ஒருத்தி அவளுக்காக ஒரு தொகையை இப்படிக் கத்திச் சொன்னது அதுதான் முதல் முறை.

பாட்சா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “அஞ்சாயிரத்து ஒண்ணு” என்றார்.

“பாய், வாணாம் பாய்” என்றாள் கஸ்தூரி.

“சும்மா இரும்மா. ஏலத்துல பொருளு பேசக் கூடாது” என்றார் பாட்சா. சொன்ன பிறகு, சொன்னது என்னவென்று உறைத்து நாக்கைக் கடித்துக்கொண்டார். கஸ்தூரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீரோடு சிரித்தாள்.

வாங்கிய பொருள் வாங்கியவரின் வண்டியில்தான் வெளியேற வேண்டும் என்பது கடைசி விதி. பிரிண்டரும் விசிறிகளும் பேட்டரிகளும் டெம்போவின் பின்னால் ஏறின. கஸ்தூரியை பாட்சா முன்னால் உட்காரவைத்தார். வாசலில் முத்துகிருஷ்ணன் ரசீதில் முத்திரை குத்தி ஒரு நகலை அவளிடமும் கொடுத்தார். “நல்லபடியா போய்ட்டு வாம்மா” என்றார். மனதாரத்தான் சொன்னார். வண்டி கிளம்பும்போது கஸ்தூரி திரும்பிப் பார்த்தாள். முத்துகிருஷ்ணன் செங்கேணியை உள்ளே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“ரெண்டே வாரம்தாம்மா. ஆள் வர்ற வரைக்கும். சும்மா பாத்துப் பாத்து அடிக்கிறதுதான்.”

“செங்கேணீ!” என்று கஸ்தூரி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினாள். “உக்காராதடீ! அந்த சீட்டுல உக்காராத!”

டெம்போவின் சத்தத்தில் கேட்டிருக்காது. செங்கேணி சிரித்துக்கொண்டே கையாட்டினாள். உள்ளே மின்விசிறி இருந்தது. வெளியே வெயில்.

டெம்போ திருப்புலிவனத்தைத் தாண்டியது. பிறகு பாட்சா, “உன்னிய வாங்கி நான் இன்னாம்மா பண்றது?” என்றார்.

“மாகறல்ல எறக்கி வுட்டுருங்க பாய். பணத்த மாசாமாசம் குடுத்துர்றேன்.”

“பேட்டரில கொஞ்சம் வந்துரும் வுடு. மீதி எம் பொண்ணு அலிமா பேருல தர்மம்னு வெச்சிக்கிறேன். நம்ம தொழில்ல எத்தினியோ வாங்கிக்கிறோம். வாங்கி வெளிய வுட்டது இன்னிக்குத்தான்.”

திங்கட்கிழமை காலையில் கஸ்தூரி பள்ளிக்குப் போனாள். அலுவலக எழுத்தர் ஏகாம்பரம் தடித்த கண்ணாடி போட்ட வயதானவர். விடுவிப்புக் கடிதம் எங்கே என்று கேட்டார். அவளிடம் இருந்தது ஏல ரசீதின் நகல் ஒன்றுதான். அதை நீட்டினாள். திருப்பி அனுப்பிவிடுவார், அவ்வளவுதான் என்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே தயாராகியிருந்தாள். கையில் பஸ்ஸுக்குச் சில்லறையும் வைத்திருந்தாள், உத்திரமேரூருக்கு.

ஏகாம்பரம் ரசீதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

“சீல் கீது. தேதி கீது. ‘வெளியேற்றப்பட்டது’ன்னு கீது. போதும்.” பேனாவை எடுத்தவர் நிறுத்தினார். இன்னும் கிட்டத்தில் வைத்துப் படித்தார். “‘பழுதடைந்தது, உபயோகமற்றது’ன்னு போட்டுக்கினு கீதே. இன்னாம்மா, வேல செய்வீங்களா?”

கஸ்தூரி அவர் மேஜையில் கணினி இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. பின்னால் திறந்திருந்த கதவு வழியாக ஸ்டோர் ரூம் தெரிந்தது. அரிசி மூட்டைகள், பருப்பு டின்கள், சுவரோரமாகச் சாய்த்து வைத்த ஒரு தராசு.

“செய்வேன் சார்” என்றாள். “ஆனா வூட்டுக்குப் போனப்பறம் செய்ய மாட்டேன்.”

ஏகாம்பரம் அவளை நிமிர்ந்து பார்த்தார், இவள் என்ன புதுசாக ஏதோ கேட்கிறாளே என்பதுபோல.

“வூட்டுல இன்னாம்மா வேல? சாய்ந்தரம் அஞ்சு மணிக்கு ஸ்டோரப் பூட்டி சாவிய என்னாண்ட குடுத்துட்டுப் போயிடணும்.”